எலும்பு ஒட்டினால் மட்டும் போதுமா?

மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் முறிந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் அறிய வேண்டியவை



ஒரு காலத்தில் நம் மக்கள் விடியற்காலையில் பெரட்டுக் களத்திற்கு நடந்தே போனார்கள். பிறகு சைக்கிள் வந்தது. இன்று அநேகமாக எல்லார் வீட்டு வாசலிலும் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. வேலைக்காட்டிற்குப் போவதும் அதில்தான், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் அதில்தான், டவுனுக்குச் சாமான் வாங்கப் போவதும் அதில்தான். வசதி வந்த வழியிலேயே ஆபத்தும் வந்தது. மலேசியாவில் சாலை விபத்தில் மாண்டு போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்தான். உயிர் தப்பியவர்களிலும் பலருக்கு அடி விழுவது காலில். காரில் போகிறவனுக்குச் சுற்றிலும் இரும்பு இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கு அவன் காலே கவசம்.

பால்மரம் சீவுகிறவருக்கும் செம்பனைப் பழம் வெட்டுகிறவருக்கும் கால்தான் சோறு போடுகிறது. ஆகவே கால் முறிவு என்பது அந்த ஒருவரின் நோவு மட்டுமல்ல, குடும்பத்தின் அடுப்பு சம்பந்தப்பட்ட விஷயம். ஆனால் நம்மிடையே ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. "ஆப்பரேஷன் முடிஞ்சிருச்சு, கம்பி வச்சாச்சு, எலும்பு ஒட்டிட்டா சரியாப் போயிரும்" என்று படுத்துவிடுகிறோம். எலும்பு ஒட்டுவது வேறு, கால் திரும்பி வருவது வேறு. எலும்பைச் சேர்த்து வைப்பது டாக்டரின் வேலை. காலை மீட்டு எடுப்பது அடிபட்டவர், வீட்டில் இருந்துகொண்டு, மாதக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை. இந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான் இந்த மாதம் அதிகமாகச் சொல்லப் போகிறோம்.

எந்த எலும்பு? ஏன் இத்தனை தாமதம்?

முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் கத்தி முனைபோல ஓர் எலும்பு தட்டுப்படும். உடம்பின் பாரத்தைப் பாதத்திற்குக் கொண்டு போவது இந்த எலும்புதான். மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிக்கடி முறிவதும் இதுதான். இதன் முன்பக்கத்தில் சதை கிடையாது, தோல் மட்டுமே. அதனால் முறியும்போது எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. சதைதான் எலும்புக்கு இரத்தம் கொண்டுவருகிற வாய்க்கால். சதை குறைந்த இடத்தில் இரத்த ஓட்டம் குறைவு. இரத்தம் குறைந்தால் எலும்பு ஒட்டுவதும் தாமதம்.

கை எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டதே, கால் மட்டும் ஏன் இப்படி இழுக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். தோல் கிழியாத சாதாரண முறிவு என்றாலும் இந்தக் கால் எலும்பு கூட நான்கு ஐந்து மாதம் ஆகலாம். தோல் கிழிந்து, எலும்பு நொறுங்கி, அழுக்கும் உள்ளே போயிருந்தால் ஆறு மாதம், ஒரு வருஷம், அதற்கு மேலும் ஆகலாம். இதை முதல் நாளே தெரிந்து வைத்துக்கொண்டால், மூன்றாம் மாதத்தில் மனம் உடையாது.

விபத்து நடந்த இடத்தில்

பதற்றத்தில் நாம் செய்கிற உதவியே சில சமயம் கேடாக முடியும். ஆகவே இவற்றை மனத்தில் வையுங்கள்.

இரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து, கையால் அழுத்திப் பிடியுங்கள். புண்ணில் காப்பித்தூள், மஞ்சள், புகையிலை எதையும் அப்பாதீர்கள். அதையெல்லாம் பிறகு ஆப்பரேஷன் அறையில் டாக்டர்தான் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

வெளியே தெரிகிற எலும்பை உள்ளே தள்ளாதீர்கள். கால் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே, முழங்காலுக்கு மேலிருந்து பாதம் வரைக்கும் ஒரு பலகையோ கெட்டியான அட்டையோ வைத்து, ஆடாதபடி கட்டுங்கள். கட்டு இறுக்கமாக இருக்கக் கூடாது.

அடிபட்டவரைத் தூக்கி இன்னொரு மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்துக் கொண்டு போகாதீர்கள். 999-க்குப் போன் செய்யுங்கள். கழுத்திலோ முதுகிலோ வலி என்று சொன்னால், வண்டி வரும்வரை அவரை அசைக்க வேண்டாம்.

குடிக்கத் தண்ணீரோ மைலோவோ கொடுக்காதீர்கள். ஆப்பரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டுமானால் வயிறு காலியாக இருக்க வேண்டும்.

தோல் கிழிந்த முறிவில் நேரம் மிக முக்கியம். கிருமி எலும்புக்குள் குடியேறுவதற்கு முன்பே மருந்து ஏறியாக வேண்டும். "காலையில போய்க்கலாம்" என்று ஒரு ராத்திரியை வீட்டில் கழிப்பது காலையே பணயம் வைப்பதாகும்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறார்கள்?

தோல் கிழிந்திருந்தால் முதலில் கிருமிக் கொல்லி மருந்தும் டெட்டனஸ் ஊசியும் போடுவார்கள். பிறகு மயக்கம் கொடுத்துப் புண்ணைக் கழுவி, செத்துப்போன சதையை வெட்டி எடுப்பார்கள். சில பேருக்கு இதை இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். "திரும்பத் திரும்ப ஆப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போறாங்களே, ஏதோ தப்பு நடந்துபோச்சு" என்று வீட்டார் பயப்படுவதுண்டு. அது தவறு அல்ல. காலைக் காப்பாற்றும் முறையே அதுதான்.

எலும்பை நிறுத்தி வைக்க நான்கு வழிகள் உண்டு. மாவுக்கட்டு ஒன்று. எலும்பின் நடுத்துளைக்குள் நீளமாகச் செலுத்துகிற கம்பி இரண்டாவது. எலும்பின் மேல் திருகாணியால் முடுக்குகிற தகடு மூன்றாவது. காலுக்கு வெளியே சட்டம் நிற்க, அதிலிருந்து கம்பிகள் தோலைத் துளைத்து எலும்பைப் பிடிப்பது நான்காவது. புண் பெரிதாக இருக்கும்போது இந்த வெளிக்கம்பியைப் போடுவார்கள். பார்ப்பதற்குப் பயமாக இருக்கும், ஆனால் புண்ணைத் தினமும் பார்த்துக் கழுவ வசதியாக இருக்கும்.

ஆஸ்பத்திரியை விட்டு வருவதற்கு முன் டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடிபட்ட காலில் எவ்வளவு பாரம் போடலாம்? எந்த மூட்டை எவ்வளவு மடக்கலாம்? பிசியோதெரப்பி எந்தத் தேதியில், எங்கே? பாரம் விஷயத்தில் பதில் மூன்று விதமாக இருக்கும்: தரையில் கால் ஊன்றவே கூடாது, கொஞ்சம் பாரம் மட்டும் போடலாம், தாங்கும் அளவுக்கு நடக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன பதில் உங்களுக்குப் பொருந்தாது. அவர் எலும்பு வேறு, உங்கள் எலும்பு வேறு.

இந்த அடையாளங்களைக் கண்டால் ஓடுங்கள்

வீட்டார் இந்தப் பகுதியை வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்தாலும் நல்லது.

ஒன்று: வலி மருந்து சாப்பிட்ட பிறகும் வலி ஏறிக்கொண்டே போகிறது, கால் கல்போல இறுகிவிட்டது, கால் விரலைப் பிடித்து மேலே மடக்கினால் உயிர் போகிற மாதிரி வலிக்கிறது, விரல் மரத்துப்போகிறது. காலுக்குள்ளே வீக்கம் அதிகமாகி, சதைக்குப் போகிற இரத்தத்தையே நெருக்குகிறது என்று அர்த்தம். விபத்துக்குப் பிந்திய முதல் ஓரிரு நாட்களில்தான் இது பெரும்பாலும் வரும். சில மணி நேரத்தில் சதை செத்துவிடும். விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

இரண்டு: மாவுக்கட்டுக்கு வெளியே தெரிகிற விரல்கள் நீலமாகவோ வெளுப்பாகவோ மாறுகின்றன, தொட்டால் சில்லென்று இருக்கின்றன. கட்டு இறுகிவிட்டது. உடனே போய்ப் பிரிக்க வேண்டும்.

மூன்று: ஆடுசதை வீங்கி, சூடாகி, வலிக்கிறது. படுத்தே கிடப்பதால் இரத்தம் நரம்புக்குள் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நெஞ்சுக்கு ஏறினால் திடீரென்று மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும். அது உயிருக்கே ஆபத்து.

நான்கு: புண்ணிலோ கம்பி இறங்குகிற துளையிலோ சீழ், கெட்ட வாடை, சுற்றிலும் சிவப்பு, கூடவே காய்ச்சல். எலும்பில் கிருமி நுழைந்துவிட்டால் அதை விரட்ட மாதங்கள், ஏன் வருஷங்கள்கூட ஆகும். ஆறிப்போன தழும்பு பல மாதம் கழித்துத் திறந்து நீர் வடிந்தாலும் இதே சந்தேகம்தான். "சின்னப் புண்ணுதான்" என்று பிளாஸ்டர் ஒட்டி மூடாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டிய வேலை

ஆரோக்கியமான மனிதனே இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தால் தொடைச் சதை கரைந்துவிடும். முறிந்த கால் என்றால் கேட்கவே வேண்டாம். மாவுக்கட்டைப் பிரித்ததும், "என் கால் குச்சி மாதிரி ஆயிடுச்சே!" என்று பெரிய ஆண்பிள்ளைகளும் கண் கலங்குவார்கள். எலும்பு ஒட்டும் வரை காத்திருந்து, அப்புறம் பயிற்சி செய்யலாம் என்று நினைப்பதுதான் பெரிய பிழை. அதற்குள் முழங்கால் விறைத்துவிடும், கணுக்கால் கீழ்நோக்கி மடங்கி நின்றுவிடும். பிறகு எலும்பு நன்றாக ஒட்டியிருந்தும் நடை நொண்டி நடைதான்.

டாக்டரும் பிசியோவும் அனுமதித்த பிறகு பொதுவாகச் சொல்லித் தருகிற பயிற்சிகள் இவை. காசு செலவில்லை, கருவி வேண்டாம்.

பாதத்தை மேலும் கீழும் ஆட்டுதல். பாதத்தைத் தன் பக்கம் இழுத்து, பிறகு தள்ளுவது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் இருபது தடவை. ஆடுசதை ஒரு பம்புபோல இரத்தத்தை மேலே ஏற்றும், வீக்கம் குறையும், இரத்தம் உறையாது.

தொடையை இறுக்குதல். காலை நீட்டிப் படுத்து, முழங்காலின் பின்பக்கத்தைப் படுக்கையில் அழுத்துங்கள். ஐந்து எண்ணும்வரை இறுக்கிப் பிடித்து விடுங்கள். ஒரு வேளைக்குப் பத்து, நாளைக்கு நான்கு வேளை. மாவுக்கட்டு இருந்தாலும் இதைச் செய்யலாம்.

நீட்டிய காலைத் தூக்குதல். முழங்காலை மடக்காமல் ஒரு சாண் உயரம் தூக்கி, மெல்ல இறக்குவது. முதல் வாரம் தூக்கவே முடியாது. வீட்டில் ஒருவர் அடியில் கை கொடுத்துத் தூக்கிவிடலாம்.

குதிகாலை இழுத்தல். படுத்தபடி குதிகாலைப் பிட்டத்தை நோக்கி இழுத்து முழங்காலை மடக்குவது. இது முழங்கால் விறைக்காமல் காக்கும்.

துண்டைப் பாதத்தில் மாட்டி இழுத்தல். ஒரு துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்துப் பிடிப்பது. கணுக்கால் மடங்கவில்லை என்றால் பிற்பாடு மேடு ஏறவும் முடியாது, குந்தவும் முடியாது.

வலிக்குமா? வலிக்கும். ஆனால் வலியில் இரண்டு வகை உண்டு. பயிற்சி செய்யும்போது இழுத்துப் பிடித்து, ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிற வலி நல்ல வலி. எலும்பு முறிந்த இடத்திலேயே சுருக்கென்று குத்தி, மறுநாளும் நீடிக்கிற வலி எச்சரிக்கை வலி. அப்படியானால் நிறுத்தி, பிசியோவிடம் கேளுங்கள். கொடுத்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி முன்னதாகச் சாப்பிட்டால் வேலை சுலபம்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. இரக்கப்பட்டு முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். படுத்தவருக்குச் சுகமாக இருக்கும், ஆனால் முழங்கால் மடங்கிய நிலையிலேயே நின்றுவிடும். வீக்கம் குறையத் தலையணை வேண்டுமானால் குதிகாலுக்கும் ஆடுசதைக்கும் அடியில் வைத்து, முழுக்காலையும் உயர்த்துங்கள்.

தோங்கட் பிடிக்கும் முறை

கக்கத்துக் கட்டையை நாம் தோங்கட் என்கிறோம். அதைக் கக்கத்தில் முட்டுக்கொடுத்துத் தொங்கினால் கைக்குப் போகிற நரம்பு நசுங்கி, கை மரத்துப்போகும். கட்டையின் உச்சிக்கும் கக்கத்திற்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். பாரத்தை உள்ளங்கைதான் தாங்க வேண்டும்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு அடிபட்ட காலும் கட்டையும். இறங்கும்போது கட்டையும் அடிபட்ட காலும் முதலில், பிறகு நல்ல கால். ஏற்றத்திற்கு நல்லவன், இறக்கத்திற்கு நோயாளி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

"கொஞ்சம் பாரம் போடலாம்" என்றால் எவ்வளவு? வீட்டில் எடை பார்க்கும் தராசு இருந்தால், அடிபட்ட காலை அதில் மெல்ல ஊன்றி, டாக்டர் சொன்ன கிலோ வரும்வரை அழுத்திப் பாருங்கள். நாலைந்து தடவை செய்தால் காலுக்கே அந்த அளவு பழகிவிடும்.

நம் தோட்ட வீடுகளில் குளியலறை பின்கட்டில் இருக்கும், தரை வழுக்கும், குந்தும் கக்கூஸ் இருக்கும். கால் முறிந்தவர் மறுபடி விழுவது பெரும்பாலும் அங்கேதான். ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் துளை போட்டு, ஆடாதபடி வைத்துக்கூடச் சமாளிக்கலாம். சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கட்டையை அறையுங்கள். வெளிச்சம் இருக்கட்டும்.

சாப்பாடு, பத்தியம், புகை

"முட்டை ஆகாது, கோழி ஆகாது, மீன் சாப்பிட்டா புண்ணு சீழ் பிடிக்கும்" என்று ரசமும் சோறும் மட்டும் கொடுத்து ஆளை வாட்டுகிற வீடுகள் இன்னமும் உண்டு. எலும்பும் சதையும் வளரப் புரதச் சத்துதான் வேண்டும். வீட்டைக் கட்டச் சொல்லிவிட்டுச் செங்கல்லைக் கொடுக்காமல் இருப்பதுபோல இந்தப் பத்தியம். முட்டை, மீன், கோழி, பருப்பு, தௌவு, தெம்பே எது கைக்கு எட்டுகிறதோ அதை ஒவ்வொரு வேளையும் சேருங்கள். நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். முருங்கைக்கீரை வேலியிலேயே இருக்கிறது. ஹாருவான் எனப்படும் விரால் மீன் நல்ல உணவுதான், ஆனால் அதைச் சாப்பிட்டுவிட்டு மற்றதை ஒதுக்குவதில் பயனில்லை. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள பண்டத்தை மட்டும் விலக்கினால் போதும்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தே தீர வேண்டும். சர்க்கரை ஏறினால் புண் ஆறாது, கிருமிக்குக் கொண்டாட்டம்.

சிகரெட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். புகை, நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ஏற்கெனவே இரத்தம் குறைந்த எலும்பு அது. புகைப்பவர்களின் கால் எலும்பு தாமதமாகவே ஒட்டுகிறது, ஒட்டாமலே போவதும் அவர்களுக்கு அதிகம். வேறு எதற்காகவும் விடாதவர்கள் இந்தக் காலுக்காகவாவது விடுங்கள். சம்சுவும் பீரும் வேண்டாம். குடித்துவிட்டுத் தோங்கட்டில் நடப்பது இன்னொரு முறிவுக்கு வழி.

எண்ணெய்க் கட்டுக் கட்டலாமா?

ஆஸ்பத்திரியிலிருந்து பாதியில் வந்து, கட்டுப் போடுகிறவரிடம் போகும் வழக்கம் மூன்று இனத்தாரிடமும் உண்டு. பெரியவர்களின் அனுபவத்தை நாம் இழிவாகப் பேச விரும்பவில்லை. ஆனால் எக்ஸ்ரே பார்க்காமல் இழுத்து, மூங்கில் சிம்பு வைத்து இறுகக் கட்டினால், இரத்த ஓட்டம் நின்று காலே அழுகிப்போகலாம். தோல் கிழிந்த முறிவிலும், கம்பி வைத்த காலிலும் உருவிவிடுதல் கூடவே கூடாது. எலும்பு முழுக்க ஒட்டிய பின், சதை வலிக்கு மெல்ல எண்ணெய் தடவிக்கொள்ள ஆசைப்பட்டால், டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மனமும் முறிந்திருக்கும்

நேற்றுவரை ஒரு நாளைக்கு டன் கணக்கில் பழம் வெட்டியவர் இன்று பெண்சாதி தண்ணீர் கொடுத்தால்தான் குடிக்க முடியும் என்றால், அவர் மனம் என்ன பாடுபடும்? சிலர் எரிந்து விழுவார்கள். சிலர் சுவரைப் பார்த்தபடி பேசாமல் கிடப்பார்கள். இரவில் விபத்து கனவாக வரும், மோட்டார் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்கும். இது கோழைத்தனம் அல்ல, பேயும் அல்ல. பெரும்பாலோருக்கு மெல்ல மெல்லக் குறையும். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல் போனால், அல்லது "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு வந்தால், அரசாங்கக் கிளினிக்கில் உடனே சொல்லுங்கள். அதற்கும் வைத்தியம் உண்டு.

கூட்டாளிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முதல் வாரம் பத்துப் பேர் ஆரஞ்சுப் பழத்தோடு வருகிறார்கள். மூன்றாம் மாதம் ஒருவரும் வருவதில்லை. மூன்றாம் மாதம் போங்கள். அப்போதுதான் ஆள் தேவை.

சம்பளமும் சொக்சோவும்

காலுக்கு ஓய்வு வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் வாடகையும் வண்டித் தவணையும் ஓய்வு எடுப்பதில்லை. அதனால்தான் பலர் ஒட்டாத எலும்போடு வேலைக்குத் திரும்புகிறார்கள். இந்த இடத்தில் உங்கள் உரிமை என்ன என்பது வைத்தியத்தின் ஒரு பகுதியாகிறது.

1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சொக்சோ, வேலையிடத்தில் நடந்த விபத்துக்கு மட்டும் உரியதல்ல. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலை முடிந்து திரும்பும் வழியிலும், சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடப் போய்வரும் வழியிலும் நேர்ந்த விபத்தும் வேலை விபத்தாகவே கருதப்படும். ஆனால் அது வழக்கமான வழியாக இருக்க வேண்டும். இடையில் சொந்தக் காரியமாக வேறு பக்கம் திரும்பியிருந்தால் சிக்கல் வரும். 2019 ஜனவரி முதல் அந்நியத் தொழிலாளர்களும் வேலை விபத்துக்கான சொக்சோ பாதுகாப்பில் சேர்க்கப்பட்டுள்ளார்கள். உங்கள் நிரையில் வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழருக்கும் இதைச் சொல்லுங்கள்.

விபத்து நடந்தால் 24 மணி நேரத்திற்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்ய வேண்டும். அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் இருந்தால், எப்படிச் செய்வது என்று வீட்டார் போலீஸ் நிலையத்தில் கேட்டு அறியட்டும். தோட்ட நிர்வாகத்திற்கும் உடனே சொல்லுங்கள். நிர்வாகம் 48 மணி நேரத்திற்குள் சொக்சோவிற்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டது. எம்.சி. எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். வீட்டிலிருந்து வேலையிடத்திற்குப் போகும் வழியைப் படமாக வரைந்து, விபத்து நடந்த இடத்தைக் குறித்து வையுங்கள்.

விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாள் எம்.சி. இருந்தால், அந்தக் காலத்திற்குத் தற்காலிக இயலாமைத் தொகை கிடைக்கும். சராசரி நாட்சம்பளத்தில் அது 80 விழுக்காடு. எம்.சி.யில் இருக்கும்போது வேலைக்குப் போனால் அந்த நாளுக்குரிய தொகை கிடைக்காது என்பதையும் அறிக. சிகிச்சை முடிந்த பிறகும் காலில் குறை நின்றுவிட்டால், மருத்துவக் குழு அந்தக் குறையை விழுக்காட்டில் கணக்கிடும். நிரந்தர இயலாமைத் தொகை அதைப் பொறுத்தது. முடிவு உங்களுக்குத் திருப்தி இல்லை என்றால் மேல்முறையீடு செய்ய வழி உண்டு, குறித்த நாட்களுக்குள் செய்ய வேண்டும்.

சொக்சோ பணத்தோடு நிற்பதில்லை. வேலைக்குத் திரும்பும் திட்டம் 2007 முதல் நடந்து வருகிறது. மலாக்காவில் துன் ரசாக் மறுவாழ்வு மையம் 2014-இல் திறக்கப்பட்டது. தங்கிப் பயிற்சி பெறும் வசதி அங்கே உண்டு. காலை எடுக்க வேண்டி வந்தவர்களுக்குச் செயற்கைக் காலும் சொக்சோ வழி கிடைக்கும். இதற்கெல்லாம் யாரும் வீடு தேடி வரமாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியாவிட்டால் உங்கள் கிளைச் செயலாளரைப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் கம்பிக்கும் தகடுக்கும் பணம் கட்டச் சொன்னால், அங்குள்ள மருத்துவச் சமூகநல அதிகாரியைக் கண்டு பேசுங்கள்.

வேலைக்கு எப்போது?

எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றே பழம் வெட்டப் போய்விடக் கூடாது. செம்பனைக் குலை ஒன்று 20 கிலோவுக்கு மேல் இருக்கும். நிலம் மேடும் பள்ளமும். பால்மரக் காட்டில் இருட்டில் சரிவில் ஏறி இறங்க வேண்டும். அதற்கு எலும்பு மட்டும் போதாது, சதையும் சமநிலையும் வேண்டும்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். அடிபட்ட ஒற்றைக் காலில், எதையும் பிடிக்காமல், முப்பது எண்ணும்வரை நிற்க முடிகிறதா? கட்டை இல்லாமல் படி ஏறி இறங்க முடிகிறதா? அரைவாசி குந்தி எழுந்திருக்க முடிகிறதா? நொண்டாமல் அரை மணி நேரம் கரடான பாதையில் நடக்க முடிகிறதா? நான்குக்கும் "முடிகிறது" என்றால், அதை டாக்டரிடம் சொல்லிப் பேச நேரம் வந்துவிட்டது. இல்லையென்றால் இலேசான வேலை வேண்டும் என்று டாக்டரிடம் கடிதம் வாங்குங்கள். நாற்றுமேடை, ஸ்டோர், குலை எண்ணிக் குறிப்பது என்று தோட்டத்தில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைகளும் உண்டு. கடிதத்தோடு தனியாகப் போய் மானேஜர் முன் நிற்பதைவிட, கிளைத் தலைவரோடு போவது மேல்.

மோட்டார் சைக்கிளை மறுபடி எடுப்பதற்கும் அவசரம் வேண்டாம். காப்சாய் வண்டியில் வலது கால் பிரேக், இடது கால் கியர். திடீரென்று மிதிக்க வேண்டிய கால் அரை நொடி தயங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. டாக்டர் அனுமதித்த பிறகே எடுங்கள். எடுக்கும்போது தலைக்கவசத்தின் வாரை மாட்டுங்கள், சிலிப்பருக்குப் பதில் சப்பாத்துப் போடுங்கள், வெட்டுக் கத்தியை உறையில்லாமல் வண்டியில் கட்டாதீர்கள்.

தோழர்களே! கால் முறிந்தவர் முன்பு இருந்த மாதிரியே ஆகிவிடுவார் என்று எல்லாருக்கும் நாம் வாக்குக் கொடுக்க முடியாது. மழைக்காலத்தில் கொஞ்சம் வலி, கணுக்காலில் கொஞ்சம் விறைப்பு, அது சிலருக்கு நிற்கும். ஆனால் ஒரே மாதிரி முறிவு ஏற்பட்ட இரண்டு பேரில் ஒருவர் மரத்தடிக்குத் திரும்புவதற்கும், மற்றவர் திண்ணையிலேயே தங்கிவிடுவதற்கும், பல சமயம் காரணம் அந்த ஆறு மாதப் பயிற்சியும், கேட்டு வாங்கிய உரிமையும்தான். இன்று உங்கள் லயத்தில் யாராவது காலை நீட்டிப் படுத்திருந்தால், இந்தத் தாளை எடுத்துப் போய் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வாசித்து முடித்ததும், பாதத்தை இருபது தடவை ஆட்டச் சொல்லி எண்ணுங்கள்.